துணியில் வந்த நீலம்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கோல் எடுத்து, "அப்பா, கார் வாங்கிட்டேன்" என்று சொன்னபோது எனக்கு வந்த சந்தோஷம் அரை நிமிஷம்தான் நின்றது. "கருநீலம்ப்பா. பழைய ஓனர் வெயில்லயே போட்டு வெச்சிருக்கான், பெயின்ட் மங்கிப்போய்க் கெடக்கு. சித்திரைக்கு ஊருக்கு வர்றதுக்கு முன்னாடி நானே வீட்ல வெச்சு பொலிஷ் பண்ணப் போறேன். எதை வாங்குறது, எப்படித் தேய்க்கிறதுன்னு நீங்க சொல்லுங்க" என்றாய். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் தெரிந்த எதையாவது சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். நீ நிறுத்தவில்லை. "அந்த ஸ்டீபன் மாதிரி ஆளுங்க கையில குடுத்துட்டு இன்னொரு தடவ அவமானப்பட என்னால முடியாது" என்று சேர்த்தாய். நான் சிக்னல் இல்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

உன் கல்யாணக் காரின் பொனட்டைக் கெடுத்தது ஸ்டீபன் இல்லை, நான். இதைக் கடிதத்தின் நடுவில் சொல்லலாமா, முடிவில் சொல்லலாமா என்று யோசித்து மூன்று தாளைக் கிழித்தேன். முடிவில் வைத்தால், அதற்குள் உனக்கு என் மேல் இரக்கம் வரும்படி எதையாவது எழுதிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் முதலிலேயே வைத்துவிட்டேன். ஏழு வருஷமாக நீயும் அவனும் பேசிக்கொள்ளாமல் இருப்பதற்குக் காரணம் நான் சொன்ன ஒரு பொய். நீங்கள் இரண்டு பேரும் மறுபடி பேச வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன். பொலிஷ் விஷயத்தையும் எழுதுகிறேன், பிள்ளை கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விடக் கூடாது. ஆனால் அதில் என் சொந்தச் சரக்கு என்று ஒரு வரிகூட இல்லை என்பதை இப்போதே தெரிந்துகொள். உன்னிடம் பேசிய மூன்றாம் நாள் பஸ் ஏறிப் போய் ஸ்டீபனிடமே கேட்டு வந்தேன்.

நான் தோட்டத்துத் துரையின் டிரைவராக இருந்தது உனக்குத் தெரியும். அந்த வேலை எனக்குள் எவ்வளவு கர்வத்தை ஏற்றி வைத்திருந்தது என்பது உனக்குத் தெரியாது. துரை காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் புறப்படும்போது கார் பங்களாப் படியில் நிற்க வேண்டும். அதன் மேல் ஒரு துளி பனி இருக்கக் கூடாது. நம் ஊர்ப் பனி உனக்குத் தெரியும்தானே, துடைத்துத் திரும்புவதற்குள் மறுபடி உட்கார்ந்துவிடும். நான் காய்ந்த துணியை வைத்து, விடிந்தும் விடியாமலும் சுற்றிச் சுற்றித் துடைப்பேன். துரை பொனட்டில் முகம் பார்த்துத் தொப்பியைச் சரி செய்துகொண்டுதான் ஏறுவார். மாதம் ஒரு தடவை கொம்பவுண்ட் என்கிற பசையைப் போட்டுத் தேய்ப்பேன். பச்சைக் கார் அது. எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் சாவியைக் கையில் கொடுக்கும்போது சொன்ன புத்தி ஒன்றே ஒன்றுதான்: "துணியில கலர் வர்ற வரைக்கும் தேய்டா. வரலேன்னா நீ சும்மா தடவிக்கிட்டு இருக்கேன்னு அர்த்தம்." அந்தக் காலத்துக் காருக்கு அது சரிதான். மேலே இருந்ததே நிறம்தான், தேய்த்தால் பழைய நிறம் கொஞ்சம் துணிக்கு வந்து, அடியில் இருக்கும் புது நிறம் மினுங்கும். உன் அம்மா அந்தத் துணிகளைத் துவைத்து லயத்து வாசலில் காயப்போடுவாள். பச்சை பச்சையாகத் தொங்கும். போகிறவர் வருகிறவர் பார்க்கட்டும் என்று நான் அதை எடுக்க விடமாட்டேன்.

பிறகு நீ கார் வாங்கினாய். ஹட்டன் ஸ்டேஷனுக்கு வாடகைக்கு ஹயர் ஓடலாம் என்று வாங்கிய அந்தக் கருநீலக் கார். நீ தூங்கி எழுவதற்குள் நான் அதைத் துடைத்து வைத்துவிடுவேன். இரண்டு வருஷம் அப்படித் துடைத்தேன். அதே சமயத்தில்தான் லயத்தில் நம் பக்கத்துக் காம்பராப் பிள்ளை ஸ்டீபன், கொழும்பில் கார் கழுவும் இடத்தில் வேலை பழகிவிட்டு, ஒரு பொலிஷ் மெஷினோடு ஊருக்குத் திரும்பி வந்தான். நோட்டன் பிரிட்ஜ் போகிற ரோட்டில், ஓடைத் தண்ணீர் விழும் ஓர் இடத்தைப் பார்த்து, இரண்டு பேரும் சேர்ந்து கார் கழுவிப் பொலிஷ் போடும் சேவிஸ் ஒன்று போடப் போகிறோம் என்று நீங்கள் சொன்னபோது எனக்கும் சந்தோஷம்தான். போர்டில் யார் பெயர் முதலில் என்று நம் வாசலில் உட்கார்ந்து நீங்கள் சண்டை பிடித்ததும், அவன் அம்மா ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டுவந்து உங்கள் நடுவில் வைத்ததும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது ஸ்டீபன் உன் காரைப் பொலிஷ் பண்ண வந்தான். முதலில் போன் டோர்ச்சை அடித்துக் கதவைப் பார்த்தான். வெளிச்சத்தைச் சுற்றி சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாய் மெல்லிய கீறல்கள். உன்னைக் கூப்பிட்டுக் காட்டினான். என்னைப் பார்த்து, நல்ல விதமாகத்தான் சொன்னான், "மாமா, காஞ்ச துணியால தொடைக்காதீங்க. பனித்தண்ணியில தூசி இருக்கும், அதை வெச்சுத் தேய்ச்சா உப்புத்தாள் போட்ட மாதிரி கீறிடும். இதெல்லாம் அப்படி விழுந்ததுதான்." நீ சிரித்தாய். "அப்பா, இத்தன வருசமா நீங்க துரை காரைக் கீறிக்கிட்டு இருந்திருக்கீங்க!" என்றாய். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பனியிலும் மழையிலும் ஒரு நாள் தவறாமல் நான் செய்த வேலையை, நேற்றுப் பிறந்த பிள்ளை டோர்ச் அடித்துக் கீறல் என்று காட்டிவிட்டான். அவன் சொன்னது உண்மை என்பதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

இரண்டு நாள் அவன் வேலை செய்தான். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன் மாலையில், மினுக்கத்தைக் காக்கும் சீலன்ட் பூசி, கோவில் பக்கத்துத் தகரக் கொட்டகையில் காரை விட்டுவிட்டுப் போனான். போகும்போது என்னிடம்தான் சொன்னான். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் தண்ணியும் படக்கூடாது, துணியும் படக்கூடாது மாமா. குளிருக்கு இது மெதுவாத்தான் புடிக்கும். கொஞ்சம் வெள்ளையாத் தெரிஞ்சா பயப்படாதீங்க, நான் வந்து தொடச்சி விடுறேன்." நான் சரி என்று தலையாட்டினேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், பொனட் முழுக்க வாய் வைத்து ஊதினதுபோல வெள்ளையாகப் படிந்திருந்தது. எனக்குத் துக்கமா வந்தது என்று நினைக்கிறாய்? இல்லை. சந்தோஷம் வந்தது. இதுதான் இவன் மெஷின் வேலை, நான் கையால் சரி பண்ணிக் காட்டுகிறேன், என் பிள்ளை பார்க்கட்டும் என்று நினைத்தேன். பெட்டிக்கு அடியில் இருந்த பழைய கொம்பவுண்ட் டின்னை எடுத்துக்கொண்டு போனேன். தேய்த்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது. இன்னும் அழுத்தித் தேய்த்தேன். அப்போதும் நிறம் வரவில்லை. நான் சும்மா தடவிக்கொண்டு இருக்கிறேன் என்று எனக்கே என் மேல் கோபம் வந்தது. பொனட்டின் நடுவில் மேடாக ஒரு கோடு போகுமே, அதன் மேல் இரண்டு கையையும் வைத்து, உடம்புப் பாரத்தை எல்லாம் போட்டுத் தேய்த்தேன். கடைசியில் துணியில் நீலம் வந்தது. வந்ததும் நான் சிரித்தேன், தம்பி.

இந்தக் காலத்துக் கார்களில் நிறத்துக்கு மேல் கண்ணாடி மாதிரி தெளிவாக இன்னொரு பூச்சு இருக்கிறது என்பதும், அது இருக்கும் வரைக்கும் துணியில் நிறம் வரவே வராது என்பதும், வந்துவிட்டால் அந்தப் பூச்சு செத்துப்போயிற்று என்று அர்த்தம் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. ஈரமாக இருந்தவரைக்கும் மினுங்கியது. காய்ந்ததும் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு இடத்தில் மங்கிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு ஓடிப்போய்த் தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுத்துவந்து அந்த இடத்தில் பூசினேன். மங்கல் மறைந்தது. தெரியாமல் கெடுத்தது வரைக்கும் மடத்தனம் என்று வைத்துக்கொள்ளலாம். எண்ணெய் பூசியதை என்னால் அந்தக் கணக்கில் சேர்க்க முடியவில்லை.

மாப்பிள்ளை அழைக்கப் பூண்டுலோயாவிலிருந்து பெண் வீட்டார் வந்தபோது மணி நாலு இருக்கும். பந்தல் வேலையில் ஸ்டீபன் மத்தியானம் காரைப் பார்க்க வரவில்லை; வெளியே எடுத்து நிறுத்தியபின் வெயிலில் எண்ணெய் காய்ந்து, அதன் மேல் தூசியும் ஒட்டியிருந்தது. பெண்ணின் பெரியப்பா காரைச் சுற்றி வந்து, "என்னாங்க சம்பந்தி, மாப்பிள்ள காருக்குத் தேமல் விழுந்திருக்கு? நீங்க துரை வண்டி ஓட்டுன ஆளுன்னு சொன்னாங்களே" என்று கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு மூச்சு எடுக்கிற நேரம்தான், நான் யோசித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. "நான் கை வெச்சிருந்தா இப்படி ஆகியிருக்குமாங்க? அந்த மெஷின்காரன் வேலை. அப்பவே வேணாம்னு சொன்னேன்" என்று சொல்லிவிட்டேன். ஸ்டீபன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான், உனக்குத் தோழனாக நிற்பதற்குத் தைத்த புதுச் சட்டையோடு. அவன் முன்னால் வந்து பொனட்டில் ஒரு விரலை வைத்தான். விரலை மூக்குக்கிட்டக் கொண்டுபோனான். பிறகு என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அதற்குள் நீ கத்த ஆரம்பித்துவிட்டாய். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லடா! இத்தன பேரு முன்னாடி என் மூஞ்சில கரிய பூசிட்டியே! இனிமே என் வண்டிப் பக்கம் வராத!" "சரி மச்சான்" என்றான் அவன். மறுநாள் தாலி கட்டுகிற நேரம் உன் பக்கத்தில் உன் சித்தப்பா மகன் நின்றான்.

அடுத்த தை மாதத்துக்குள் நீ காரை விற்றுவிட்டு மருமகளோடு வத்தளைக்குப் போய்விட்டாய். நீங்கள் சேவிஸ் போடாததால்தான் போனாய், அதை நீ என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீ போகும்போது "அப்பா, நல்லவேளை நீங்க கண்டுபிடிச்சிங்க, இல்லேன்னா இவனை நம்பிக் கடை போட்டிருப்பேன்" என்றாய். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். நீ தீபாவளிக்கு வந்தபோதெல்லாம் சொல்லியிருக்கலாம். ஸ்டீபனுடைய அம்மா செத்த அன்றைக்கு நீ போன் பண்ணி, "நான் வரட்டுமாப்பா, இல்ல அவன் ஏதாவது நெனைப்பானா?" என்று கேட்டாயே, அன்றைக்காவது கட்டாயம் சொல்லியிருக்க வேண்டும். உனக்குத் தன் கையால் ரொட்டி போட்டவள். நான் என்ன சொன்னேன்? "உன் இஷ்டம்" என்றேன். நீ வந்தால் நீங்கள் இரண்டு பேரும் பேசிவிடுவீர்கள், பேசினால் நான் அகப்பட்டுக்கொள்வேன் என்று பயந்து அப்படிச் சொன்னேன். நீ வரவில்லை. கல்லறையில் நான் கடைசி வரிசையில் நின்றேன். மண் போடுகிற நேரத்தில் ஸ்டீபன் திரும்பி, வந்திருந்த கூட்டத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் தேடினான். யாரைத் தேடினான் என்று அங்கே எனக்கு மட்டும் தெரியும். நான் செய்ததிலேயே பெரிய பாவம் காரைக் கெடுத்தது இல்லை, இதுதான்.

அவன் பிறகு தனியாகவே சேவிஸ் போட்டான், நீங்கள் பார்த்த அதே இடத்தில். உன் அத்தை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பஸ்ஸில் நான் அந்தப் பக்க ஜன்னலில் உட்காருவதில்லை. இந்தத் தடவை அந்தப் பக்கமே உட்கார்ந்து, அவன் வாசலிலேயே இறங்கினேன். அங்கே என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன். அதற்கு முன் நீ கேட்டதைச் சொல்லி முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபத்தில் தாளை மடித்து வைத்துவிட்டு எதையாவது வாங்கித் தேய்த்துவிடுவாய். உன் கோபம் என் கோபம்தான்.

முதலில் நன்றாகக் கழுவ வேண்டும். இரண்டு வாளி வை. ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். அழுக்குத் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பு வாளியில் விட வேண்டும். கூரையில் ஆரம்பித்துக் கீழே வா, டயர்ச் சில்லுப் பக்கத்தைக் கடைசியில் செய். காய்ந்த காரில் காய்ந்த துணி படவே கூடாது, இதை நான் சொல்லித் தெரிய வேண்டியது உனக்கு இல்லை. துணி கை தவறித் தரையில் விழுந்தால் அதை அன்றைக்கு மறந்துவிடு. கழுவிக் காய்ந்தபின் கையில் ஒரு மெல்லிய ஷொப்பிங் பேக்கை மாட்டிக்கொண்டு பெயின்டைத் தடவிப் பார். வெறும் கைக்குத் தெரியாத நெருடல் எல்லாம் தெரியும். மணல் மாதிரி நெருடினால் அதை எடுப்பதற்கென்று பிசைந்த மா மாதிரி ஒரு கட்டி கார் சாமான் கடையில் விற்கிறார்கள். ஷாம்புத் தண்ணீர் தெளித்து, வழுக்கவிட்டு, அழுத்தாமல் இழுக்க வேண்டும். இதைச் செய்யாமல் பொலிஷ் போட்டால் அந்த மணலையும் சேர்த்துத் தேய்ப்பாய்.

கடையில் போத்தல் போத்தலாக அடுக்கி வைத்து உன்னைக் குழப்புவார்கள். ஸ்டீபன் எனக்குச் சொன்னது இது: கொம்பவுண்ட் பெயின்டைச் சீவும். பொலிஷ் அதைவிட மெல்லிசாகச் சீவி மினுக்கும். வெக்ஸும் சீலன்டும் எதையும் சீவாது, எதையும் சரிசெய்யவும் செய்யாது, இருப்பதற்கு மேல் ஒரு மூடி போடும், அவ்வளவுதான். கீறலோடு மூடினால் கீறல் உள்ளேயே இருக்கும். மங்கல் எல்லாவற்றுக்கும் கொம்பவுண்டைத் தூக்காதே. மெல்லிய பொலிஷை வாங்கி, கதவின் கீழ்ப் பக்கத்தில் யார் கண்ணிலும் படாத ஓர் இடத்தில், உள்ளங்கை அளவு தேய்த்துப் பார். அது போதும் என்றால் அதோடு நின்றுவிடு. பொனட் ஓரம், மேடான கோடு, கதவு விளிம்பு இந்த இடங்களில் பூச்சு மெல்லிசு, மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத் தேய். நகம் சிக்குகிற ஆழமான கீறலைத் துரத்திக்கொண்டு போகாதே, அது போவதற்குள் பெயின்ட் போய்விடும். துணியை அடிக்கடி திருப்பிப் பார். உன் காரில் துணிக்கு நீலம் வந்தால் அந்த நிமிஷமே கையை எடுத்துவிடு.

சீலன்டா வெக்ஸா என்று யோசிப்பாய். வெக்ஸ் பார்க்க அழகு, ஆனால் உங்கள் பக்கத்து வெயிலுக்கும் கடல் காற்றுக்கும் சீக்கிரம் போய்விடும். நீ சீலன்ட் வாங்கு, சில மாதம் தாங்கும். ஆயுசு பூராவும் தாங்கும் என்று எழுதியிருக்கிற போத்தலை அங்கேயே வைத்துவிட்டு வா. மழை இல்லாத நாளாகப் பார்த்து, வெயில் ஏறுவதற்கு முன்னால், நிழலில், காரின் உடம்பு குளிர்ந்திருக்கும்போது பூச வேண்டும். கொஞ்சமாகத் தொட்டு மெல்லிசாகப் பூசு. நிறையப் பூசினால் நிறையத் துடைக்க வேண்டி வரும், வேறு ஒரு லாபமும் இல்லை. எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று போத்தலில் போட்டிருப்பதைப் படி. நம் ஊர்க் குளிரில் ஒரு மாதிரிப் பிடிக்கும், வத்தளை வெக்கையில் ஒரு மாதிரிப் பிடிக்கும். சுத்தமான பஞ்சுத் துணியால் துடைத்து எடுத்தபின், சொல்லியிருக்கிற நேரம் வரைக்கும் தண்ணீர் காட்டாதே. வெள்ளையாகத் தெரிந்தால் பொறு. காக்கை எச்சம் விழுந்தால் சுரண்டாமல் ஈரத் துணியை மேலே போட்டு ஊறவைத்து எடு. இவ்வளவுதான் அவன் சொன்னது. இதை அவன் சொல்லச் சொல்ல, பஸ் டிக்கட்டின் பின்புறத்தில் ஆரம்பித்து, பிறகு அவன் கொடுத்த ஒரு பில் புத்தகத்தின் பின்பக்கம் முழுக்க எழுதிக்கொண்டு வந்தேன்.

நான் போனபோது அவன் ஒரு வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் தண்ணீரை மூடிவிட்டு, "வாங்க மாமா, என்னா இந்தப் பக்கம்" என்று ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டான். பிளேன்டீ வரவழைத்தான். அதைக் குடித்தால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று கையிலேயே வைத்துக்கொண்டு, "ஸ்டீபன், அந்த பொனட்டைக் கெடுத்தது நான்தான்ப்பா" என்றேன். அவன் ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு எதிரே குந்தினான்.

"தெரியும் மாமா."

"எப்ப இருந்து?"

"அன்னைக்கே. கைபோட்டதும் தேங்கா எண்ணெ வாசம் வந்துச்சு."

"பின்ன ஏன்டா வாயத் தெறக்கல?"

"தெறந்திருந்தா அவன் உங்களக் கேட்டிருப்பான் மாமா. அவன் கோவம் தெரியும்தானே. பொண்ணு வீட்டுக்காரங்க முன்னாடி, கல்யாண வீட்டுல, பெத்த அப்பாவ." எழுந்து போய், சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கிவிட்டு வந்து குந்தினான். "எப்படியும் மறுநாள் நீங்க சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். அதுக்கு மறுநாளும் நெனச்சேன். அம்மா செத்தப்பவும் நெனச்சேன். அதுக்கப்புறம் நெனைக்கிறத விட்டுட்டேன்."

அவன் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும். நான் அழுதேன் தம்பி. அவன் முன்னால், வேன் கழுவக் கொடுத்தவன் பார்த்துக்கொண்டிருக்க அழுதேன். பிறகு வெட்கம் கெட்டுப்போய், நீ கார் வாங்கியதையும் நீ கேட்டதையும் சொன்னேன். "என்னா கலரு?" என்று கேட்டான். கருநீலம் என்றதும், "அவன் திருந்தவே மாட்டான்" என்று சிரித்துவிட்டு, ஒரு மணி நேரம் எனக்குப் பாடம் எடுத்தான். வாடிக்கைக்காரன் இரண்டு தடவை ஹோர்ன் அடித்தும் அவன் எழும்பவில்லை.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்து குசினி அடுப்படிக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் எனக்குச் சோறு வைத்தாள், ஆனால் இன்னும் வேண்டுமா என்று கேட்கவில்லை. மூன்றாம் நாள், "ஊர் முன்னாடி பழி போட்டீங்க, ஊர் முன்னாடியே எடுங்க" என்றாள். அது நியாயம். அதனால் இந்தக் கடிதத்தை நான் மூடி அனுப்பவில்லை. ஒவ்வொரு தாளாகப் படம் எடுத்து, காலை வணக்கமும் பூவும் மட்டும் வருகிற நம் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அம்மா போடப் போகிறாள். பூண்டுலோயாப் பெரியப்பாவும் அதில் இருக்கிறார். அவர் வாசிக்கட்டும். என்ன வேண்டுமானாலும் எழுதட்டும்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. கேட்டால் நீ அப்பா என்று பார்த்துக் கொடுத்துவிடுவாய், அது எனக்கு வேண்டாம். நீ எவ்வளவு நாள் வேண்டுமானாலும் என்னோடு கோபமாக இரு. அவனோடு இருக்காதே. சித்திரைக்கு வரும்போது கினிகத்தேனையில் ஹட்டன் ரோட்டை விட்டு நோட்டன் பிரிட்ஜ் பக்கம் திரும்பு. முதலில் அவன் வாசலில் காரை நிறுத்து. அதற்குப் பிறகு இங்கே வருவதா வேண்டாமா என்று நீயே யோசித்துக்கொள். அம்மாவைப் பார்க்க வர வேண்டும் என்றால், அந்த நேரத்துக்கு நான் வேறு எங்காவது போயிருக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். நான் புறப்படும்போது ஸ்டீபன் ரோடு வரைக்கும் கூடவே வந்தான். பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி, என்னை ஏற்றிவிட்டு, பஸ் நகரும் நேரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தபடி, அவ்வளவு நேரமும் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டான்.

"மாமா, அவனுக்கு என்ன புள்ள?"

"பொண்ணுப்பா. நாலு வயசு."

"நாலு வயசா!" என்றான். கம்பியை விட்டுவிட்டு ரோட்டிலேயே நின்றுவிட்டான்.